‘நான் ஒரு பேனா’வை இனி யார் எழுதுவது?



மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் எவரானாலும் வாழ்நாளில் ஒரு தடவையாவது பேனாவாகப் பிறந்திருப்பார். பேனாவாகப் பிறக்காதவர் பள்ளிப்பையாகவோ குடையாகவோ காலணியாகவோ பிறந்திருப்பார். தன்கதை என்று அதற்குப் பெயர். தொழிற்சாலையில் பிறப்பு, லாரியில் பயணம், கடையின் கண்ணாடி அலமாரியில் காத்திருப்பு, ஒரு மாணவன் வந்து வாங்கிப் போவது, சில மாதம் சந்தோஷ வாழ்க்கை, கடைசியில் குப்பைத்தொட்டி. தாத்தா எழுதிய பேனாவும் பேரன் எழுதிய பேனாவும் ஒரே தொழிற்சாலையில்தான் பிறந்திருக்கும். லாரி ஓட்டுநர்கூட மாறியிருக்க மாட்டார்!

2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி சாட்ஜிபிடி பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று அம்மாவின் கைப்பேசியில் ‘நான் ஒரு பேனா, நூற்றிருபது சொற்கள், ஐந்தாம் ஆண்டு’ என்று தட்டினால் போதும். சோற்றுக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் கட்டுரை வந்துவிடுகிறது. பிறப்பு, லாரி, அலமாரி, குப்பைத்தொட்டி என்று எதுவும் விடுபடுவதில்லை. நடுவில் ஒரு பழமொழிகூட இருக்கும்.

இது எப்படி முடிகிறது? இந்த வகை இயந்திரம் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு எழுதுகிறது. எல்லாரும் எதிர்பார்ப்பதை எழுதிக் கொடுப்பதே அதன் தொழில். பள்ளிக்கூடமும் பல்லாண்டுகளாகப் பிள்ளையிடம் கேட்டு வந்தது அதைத்தானே? எதிர்பார்த்த முன்னுரை, எதிர்பார்த்த மூன்று கருத்து, எதிர்பார்த்த முடிவுரை. அப்படி எழுதினால் முழுப் புள்ளி. பிறகு எதிர்பார்த்ததை எழுதும் இயந்திரம் வந்ததும் பள்ளிக்கூடம் திகைத்துப் போவதில் கொஞ்சம் வேடிக்கை இருக்கிறது.

பழைய காப்பி, புதிய காப்பி

பார்த்து எழுதுவது நேற்று வந்த பழக்கமா என்றால், இல்லை. மாதிரிக் கட்டுரைப் புத்தகம் இல்லாத பள்ளிக்கூடப் பையே கிடையாது. பிரத்தியேக வகுப்புகளில் முன்னுரையை மனப்பாடம் செய்ய வைத்தே பேர் வாங்கியவர்கள் உண்டு. பி.எம்.ஆர். தேர்வு 2013ஆம் ஆண்டோடு முடிந்தது. அந்தத் தேர்வு எழுதிய தலைமுறைக்கு வரலாறு, புவியியல் பாடங்களின் ஃபோலியோ நன்றாக நினைவிருக்கும். அண்ணனின் ஃபோலியோ தம்பிக்கு வரும், தம்பியினுடையது பக்கத்து வீட்டுக்குப் போகும். முகப்புப் பக்கத்தில் பெயர் மட்டும் மாறும்.

ஆனாலும் அந்தக் காப்பிக்கும் இந்தக் காப்பிக்கும் வித்தியாசம் உண்டு. அந்தக் காப்பி ஆசிரியர் கண்ணில் பட்டது. இரண்டு பிள்ளைகள் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை விட்டிருந்தால் கதை வெளியே வந்துவிடும். இயந்திரமோ முப்பது பிள்ளைகளுக்கு முப்பது விதமாக எழுதித் தருகிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பார்த்து எழுதிய பிள்ளைக்கு அந்த நூற்றிருபது சொற்களாவது விரல் வழியாகப் போயின. ணகரமா னகரமா, ரகரமா றகரமா என்று கண் ஒரு நொடி நின்று பார்த்தது. இப்போது அந்த ஒரு நொடியும் போயிற்று.

காலப் பொருத்தத்தையும் கவனிக்க வேண்டும். ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ரத்தானது. மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022இல் ரத்தானது. ஒருநாள் தேர்வை வைத்துப் பிள்ளையை எடைபோடக் கூடாது, ஆண்டு முழுவதும் அவன் செய்யும் வேலையை ஆசிரியர் பார்த்து மதிப்பிட வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், பல ஆசிரியர்கள் நெடுநாளாகக் கேட்டு வந்ததும் அதுதான். அதனால் வகுப்பறை மதிப்பீட்டுக்கும் வீட்டில் செய்துவரும் இடுபணிக்கும் கனம் கூடியது. சரியாக அந்தச் சமயம் பார்த்து, இடுபணியை வீட்டிலேயே செய்து தரும் இயந்திரம் வந்து இறங்கியது. 2022 ஜூன் மாதம் ஓர் அறிவிப்பு, நவம்பரில் இன்னொன்று. இடையில் ஆறு மாதம்கூட இல்லை.

பதினொரு புள்ளி வாங்கும் பிள்ளை

ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறார். மகள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ‘அம்மா, கட்டுரை’ என்கிறாள். போன வாரம் அவளே உட்கார்ந்து எழுதினாள், இருபதுக்குப் பதினொன்று வந்தது. பக்கத்து மேசைப் பையன் இயந்திரம் எழுதியதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனான், பதினெட்டு வந்தது. பதினெட்டு வாங்கியவனின் கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டிக் கைதட்டவும் சொன்னார்கள்.

இந்த வாரம் அந்தத் தாய் கைப்பேசியை எடுத்தால் அவரை ஏமாற்றுக்காரி என்று சொல்ல முடியுமா? சொன்னால் அது அநியாயம். இங்கே உண்மையில் அடிபடுவது அந்தப் பதினொரு புள்ளி. சொந்தமாக யோசித்து, தடுமாறி, இரண்டு இடத்தில் சந்திப்பிழை விட்டு, மூன்றாவது பத்தியில் தன் வீட்டுப் பூனையைப் பற்றி யாரும் எதிர்பார்க்காத ஒரு வரி எழுதிய பிள்ளைக்கு, ‘உன் எழுத்து போதாது’ என்று பள்ளிக்கூடமே சொல்லிவிடுகிறது. இரண்டு தடவை அப்படிச் சொன்னால் மூன்றாம் தடவை அந்தப் பிள்ளை எழுதாது.

கண்டுபிடித்துத் தண்டித்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கண்டுபிடிக்கும் கருவிகளின் கதையைக் கேட்டால் அந்த ஆசை போய்விடும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கருவியை 2023 ஜனவரியில் வெளியிட்டது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் அதை நிறுத்தியும் விட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். அத்தனையும் மனிதர்கள் எழுதியவை. சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை ‘இயந்திரம் எழுதியது’ என்று கருவிகள் தீர்ப்புச் சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அந்தத் தவறு மிகக் குறைவு. காரணம் எளிது. இரண்டாம் மொழியில் எழுதுகிறவர் தெரிந்த சொற்களை வைத்துக்கொண்டு எளிமையாக எழுதுவார். அந்த எளிமையே கருவிக்கு இயந்திரத்தனமாகத் தெரிகிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், அதற்கு மேல் ஆங்கிலம் என்று மூன்று மொழி சுமக்கும் பினாங்குப் பிள்ளையை இந்தக் கருவியின் முன் நிறுத்துவது எவ்வளவு நியாயம்?

தடை போட்டும் பார்த்தார்கள். நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் தடுத்தன, மே மாதம் தடையை விலக்கிக்கொண்டன. பள்ளியின் கணினியில் தடுக்கலாம், வீட்டிலுள்ள கைப்பேசியை யார் தடுப்பது?

தமிழ் ஆசிரியர்களுக்கு மட்டும் ஆரம்பத்தில் ஓர் ஆறுதல் இருந்தது. இயந்திரத்தின் தமிழ் மோசமாக இருந்தது. வேற்றுமை உருபு இடம் மாறும், அஃறிணை உயர்திணையாகும், இரண்டு வரி படித்தாலே தெரிந்துவிடும். அந்த ஆறுதலும் நீடிக்கவில்லை. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ புதிய ஜிபிடி-4ஓ மாதிரியை அறிவித்தபோது தமிழையே ஓர் உதாரணமாகக் காட்டியது. முன்பு 116 துண்டுகளாக உடைத்துக் கையாண்ட ஒரு தமிழ்ப் பகுதியை இனி 35 துண்டுகளில் கையாள முடியும் என்றது. பிழையை வைத்துப் பிடிக்கலாம் என்று காத்திருப்பவர் வீணாகத்தான் காத்திருப்பார்.

கேள்வியை மாற்றுங்கள்

ஆகவே மாற வேண்டியது கேள்வி. தைப்பூசத்தை எடுத்துக்கொள்வோம். ‘தைப்பூசத் திருநாள்’ என்று தலைப்புக் கொடுத்தால் இயந்திரம் பிசகாமல் எழுதும். பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுவதையும், வழியெல்லாம் தேங்காய் உடைப்பதையும், 2017 முதல் தங்க ரதமும் ஓடுவதையும், தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 513 படி ஏற வேண்டும் என்பதையும் சொல்லிவிடும். பிள்ளைக்கு அதில் என்ன வேலை?

அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘ரதம் வரும் வழியில் ஓர் இடத்தில் பத்து நிமிடம் நில். எந்த இடம், எத்தனை மணி என்று எழுது. காதில் விழுந்த ஐந்து பேச்சுகளை, எந்த மொழியானாலும், அப்படியே குறித்துக்கொள். உடைத்த தேங்காயைக் கூட்டி அள்ளுகிறவர் என்ன செய்கிறார் என்று பார். அதை வைத்து ஒரு பக்கம் எழுது.’ தமிழ், ஹொக்கியன், மலாய் என்று பிள்ளை கொண்டுவரும் ஐந்து பேச்சும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஃபெர்ரியைப் பற்றியும் கேட்கலாம். கார்களை ஏற்றிக்கொண்டு ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையில் ஓடிய பழைய படகுகள் 2020ஆம் ஆண்டு முடிவோடு ஓய்வு பெற்றன. புதியவை 2023இல் வந்தன, அவற்றில் கார் ஏறாது. 1985இல் பாலம் திறப்பதற்கு முன்பு காரில் தீவுக்குள் வர வேறு வழி ஏது? ‘பழைய ஃபெர்ரியில் போன இரண்டு பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேள். இருவர் சொல்வதும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று எழுது’ என்று சொல்லலாம். ஒருவர் கப்பலில் கச்சாம்பூத்தே வாங்கித் தின்றேன் என்பார். இன்னொருவர் அது கப்பலில் இல்லை, இறங்கிய பிறகு பேருந்து நிலையத்தில் என்று சாதிப்பார். யார் சொல்வது சரி என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பத்தி எழுதினால், கட்டுரை மட்டுமா வரும், வரலாற்றுப் பாடமும் சேர்ந்தே வரும்.

பெரிய படிவத்துப் பிள்ளைகளுக்கு இயந்திரத்தையே மேசைமேல் வைக்கலாம். சாட்ஜிபிடியின் விதிப்படி பயன்படுத்துகிறவருக்குப் பதின்மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், பதினெட்டுக்கு உட்பட்டவருக்குப் பெற்றோர் அனுமதி தேவை. யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் பள்ளியில் பதின்மூன்றை எல்லையாகச் சொன்னது. ஆக ஆரம்பப்பள்ளிப் பிள்ளைக்கு இது உரியதே அல்ல. மூன்றாம் படிவத்துக்கு மேல் என்றால், லிட்டில் இந்தியாவைப் பற்றி இயந்திரம் எழுதிய ஒரு பக்கத்தை ஆசிரியரே அச்சடித்துக் கொடுத்து, ‘லெபோ பசாரை நடந்து பார்த்துவிட்டு வந்து இதைத் திருத்து’ எனலாம். தண்ணீர்மலைப் படிகளைப் பத்துமலையின் 272 படிகளோடு போட்டு அது குழப்பியிருந்தால், கண்டுபிடித்த பிள்ளைக்கு அன்று முழுக்கச் சிரிப்புத்தான். சிவப்பு மைப் பேனா ஒரு தடவை பிள்ளையின் கைக்குப் போகட்டுமே!

பாட்டியையும் அது செய்து தரும்

இங்கே ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. ‘பாட்டியிடம் கேட்டு எழுது’ என்று சொன்னால், இயந்திரம் பாட்டியையும் செய்து தரும். பாட்டிக்கு ஊர், தோட்டம், கண்ணீர் எல்லாம் சேர்த்தே தரும். வெளிநாட்டுக் கல்விப் பயிலரங்குகளில் ‘சொந்த அனுபவத்தைக் கேளுங்கள், இயந்திரத்தால் எழுத முடியாது’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அது அரைகுறை வைத்தியம். தலைப்பை மாற்றினால் மட்டும் போதாது, எழுதிய பிள்ளையோடு ஆசிரியர் பேச வேண்டும்.

மூன்று நிமிடப் பேச்சு போதும். ‘இந்தப் பாட்டி எங்கே உட்கார்ந்து இதைச் சொன்னார்? நீ முதலில் எழுதி அடித்த வரி எது? இந்தச் சொல்லுக்கு வேறு சொல் யோசித்தாயா?’ எழுதியவனுக்கு இவை விளையாட்டுக் கேள்விகள். எழுதாதவன் கூரையைப் பார்ப்பான். மற்றவர் முன் அவனை அவமானப்படுத்த வேண்டியதும் இல்லை. ‘சரி, இங்கே உட்கார்ந்து ஐந்து வரி எழுது’ என்று ஒரு தாளைக் கொடுத்தால் போதும்.

இது நம் பழக்கத்துக்குப் புதிதும் அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஒப்பித்தால்தான் பாடம் நகர்ந்தது. பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தை 1789இல் சென்னை எழும்பூர் அநாதை விடுதிப் பள்ளிக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் கையாண்டு பார்த்தார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்து வரை போயிற்று. இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகச் சொல்லப்படுவதும் இதே ஜார்ஜ்டவுனில் 1816 அக்டோபர் 21ஆம் தேதி தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலின் தமிழ் வகுப்புத்தான். 2016இல் அதற்கு இருநூறாம் ஆண்டு விழாவும் நடந்தது. பிள்ளையின் வாயைத் திறந்து கேட்கும் வழக்கம் இடையில் எங்கோ குறைந்து, நோட்டுப் புத்தக அடுக்கைத் திருத்தும் வழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

ஆசிரியர்கள் இப்போது ஒரு கணக்குக் கேட்பார்கள், கேட்க வேண்டியதும்தான். முப்பது பிள்ளை, ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் தொண்ணூறு நிமிடம். பாடத்திட்டம், இணையத்தில் பதிவேற்றம், கூட்டம் என்று ஏற்கெனவே மூச்சு முட்டும் நிலையில் அதற்கு நேரம் எங்கே? எல்லாரையும் எல்லா வாரமும் கேட்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஐந்து பேர் என்றால் ஆறு வாரத்தில் வகுப்பு முடிந்துவிடும். இந்த வாரம் யார் என்பது மட்டும் முன்கூட்டித் தெரியக் கூடாது. மாதம் நான்கு கட்டுரைக்குப் பதில் ஒன்றே ஒன்று. முதல் வாரம் குறிப்பு, இரண்டாம் வாரம் வகுப்பில் உட்கார்ந்து இருபது நிமிடம் கையால் எழுதும் முதல் படி, மூன்றாம் வாரம் பக்கத்துப் பிள்ளை படித்துக் கேள்வி கேட்பது, நான்காம் வாரம் திருத்திய படி. அடித்தல் திருத்தலோடு கூடிய முதல் படிக்கும் புள்ளி உண்டு என்று சொல்லிவிட வேண்டும். திருத்தும் சுமை குறையும். தலைமையாசிரியர்கள் நோட்டுப் புத்தகத்தைப் பார்வையிடும்போது ‘நான்கு கட்டுரை எங்கே?’ என்று கேட்காமல் இருந்தால் சரி! அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல நல்ல ஆசிரியர்கள் மாறத் தயங்குகிறார்கள்.

இதில் சிறிய தமிழ்ப்பள்ளிகளுக்கு ஓர் அனுகூலமும் இருக்கிறது. 150 பேருக்குக் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளைக் கல்வியமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. நாட்டில் தமிழ்ப்பள்ளிகள் பல அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பில் எல்லாரிடமும் பேச நாற்பது நிமிடம் போதும். பெரிய பள்ளிகளால் செய்ய முடியாததை அங்கே நாளைக்கே தொடங்கலாம்.

எல்லாப் பிள்ளைக்கும் பாட்டி இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வீட்டு நிலையை வகுப்பில் சொல்லக் கூசும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குக் கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர், பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறவர், பள்ளி பேருந்து ஓட்டுநர் என்று வேறு ஆளைக் காட்டிவிட வேண்டும். தலைப்பு ஒன்றுக்கு இரண்டு வழியாவது இல்லாவிட்டால், காப்பியைத் தடுக்கப் போய் ஒரு பிள்ளையை அழவைத்த கதையாகிவிடும்.

மலாய்க் கட்டுரையையோ ஆங்கிலக் கட்டுரையையோ விடத் தமிழ்க் கட்டுரைக்கு இந்தக் கவலை ஏன் அதிகம்? பிள்ளை ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழ் ஒரு விருப்பப் பாடம். சில இடங்களில் பள்ளி நேரத்துக்கு வெளியே வகுப்பு. எஸ்.பி.எம்.மில் எடுத்தாலும் எடுக்கலாம், விட்டாலும் விடலாம். நண்பர்களுக்குப் புலனத்தில் அனுப்பும் தமிழும் ரோமன் எழுத்தில்தான் போகிறது. ஆக முழு வாக்கியமாக, பத்தியாக, தன் மனத்திலிருந்து தமிழ் எழுத்தில் ஒரு பிள்ளை எழுதுவது பெரும்பாலும் பள்ளிக் கட்டுரையில் மட்டும்தான். மலாயும் ஆங்கிலமும் எழுத அவனுக்கு வேறு நூறு சந்தர்ப்பம் வரும். தமிழ் எழுத வருவது இந்த ஆறு வருடம், போனால் பதினொரு வருடம்.

அடுத்த வாரம் உங்கள் பிள்ளை கட்டுரை நோட்டை நீட்டினால், பெற்றோர்களே, புள்ளியை அப்புறம் பாருங்கள். அடித்து எழுதிய இடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இங்கே முதலில் என்ன எழுதியிருந்தாய்?’ என்று கேளுங்கள்.